பாப்பாவை அகாடமியில சேர்க்குறதுக்கு முன்னால

சின்னவளே,

பாப்பா வருவாய் மாவட்டப் போட்டியில நீளம் தாண்டுதல்ல ரெண்டாவதா வந்திருக்கா, டவுன்ல ஒரு அகாடமியில சேர்க்கச் சொல்றாங்க, சேர்க்கலாமாக்கான்னு நேத்து ராத்திரி கேட்ட. தாராளமாச் சேர்த்து விடு. பன்னெண்டு வயசுப் பொண்ணு மணல்ல விழுந்து எழுந்து, டேப் எங்க வந்து நிக்குதுன்னு திரும்பிப் பார்க்குறாளே, அந்த முகத்தை வீடியோவுல பார்த்தேன். அதுக்கு மேல யோசிக்க ஒண்ணுமில்லை.

ஆனா நீ அரை மணி நேரம் பேசினதுல ஃபீஸ், ஸ்பைக்ஸ் விலை, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட் கிடைக்குமா, இந்த மூணுதான் இருந்துச்சு. அங்க எங்க டிரஸ் மாத்துவா, வெளியூர் மீட்டுக்கு யார் கூடப் போவா, அடிபட்டா யார் கட்டுப் போடுவாங்க, இதெல்லாம் உன் வாயில வரவே இல்லை. குத்தமாச் சொல்லலை. நம்ம அம்மாவும் கேட்டதில்லை.

நான் கோ-கோ ஆடினது உனக்கு ஞாபகம் இருக்கும். எங்க டீம்ல ஒருத்தி இருந்தா. கம்பத்துல அவ சாஞ்சு திரும்புற வேகத்துக்கு எதிர் டீம்காரிங்களே கை தட்டுவாங்க. ஒன்பதாவது அரைப்பரீட்சைக்கு அப்புறம் அவ வரவே இல்லை. “வீட்ல நிறுத்திட்டாங்க”ன்னு சார் சொன்னார். நாங்களும் நம்பிட்டு அடுத்த செலக்‌ஷனுக்கு ஓடிட்டோம். இருபது வருஷம் கழிச்சு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில பக்கத்துப் பக்கத்து இலையில உட்கார்ந்தோம். ரசம் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தவ, திடீர்னு சொன்னா: “யாராவது ஒருத்தி வீட்டுக்கு வந்து ஏண்டி வரலைன்னு கேப்பீங்கன்னு ஒரு மாசம் வாசல்லயே பார்த்துக்கிட்டு இருந்தேன்.” வீட்ல யாரும் நிறுத்தலையாம், அவளேதான் நின்னிருக்கா. ஏன்னு நான் கேட்டேன், அவ சொன்னா. அது அவளோட கதை, இங்க எழுத மாட்டேன். “உங்க அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே”ன்னு நான் கேட்டதுக்கு அவ சொன்ன பதிலை மட்டும் எழுதுறேன்: “சொன்னா கிரவுண்டையே நிறுத்திடுவாங்களே.”

முதல்ல ஒரு வாக்கு

அதனால என் முதல் டிப்ஸ் அகாடமியைப் பத்தியே இல்லை. இன்னைக்குச் சாயங்காலம் பாப்பாவை உட்கார வச்சு ஒண்ணு சொல்லு: “கிரவுண்டுல என்ன நடந்தாலும் என்கிட்ட சொல்லலாம். அதுக்காக நான் உன் விளையாட்டை நிறுத்த மாட்டேன். ஆளை மாத்துவோம், இடத்தை மாத்துவோம், தாண்டுறதை மட்டும் நிறுத்த மாட்டோம்.”

நம்ம வீடுகள்ல எது நடந்தாலும் தண்டனை பொண்ணுக்குத்தான். பஸ்ல ஒருத்தன் இடிச்சான்னா டியூஷன் நிக்கும். தெருவுல ஒருத்தன் பின்னால வந்தான்னா சைக்கிள் நிக்கும். பிள்ளைங்க இதைப் பார்த்துத்தான் வளருது. வாயைத் திறந்தா எது பறிபோகும்னு அதுங்களுக்குக் கணக்குத் தெரியும். தப்பு செய்யுறவனுக்கும் அந்தக் கணக்கு தெரியும்.

இந்த வாக்கை உன் வீட்டுக்காரர் காதுலயும் போட்டு வை. நீ ஒண்ணு சொல்லி அவர் ஒண்ணு சொன்னா பாப்பா மறுபடி வாயை மூடிக்குவா.

ஆளைப் பார்த்து எடை போடாதே

“கோச் ரொம்பத் தங்கமானவர்க்கா, பார்த்தாலே தெரியுது”ன்ன. பார்த்தா ஒண்ணும் தெரியாதுடி. அமெரிக்காவுல ஜிம்னாஸ்டிக்ஸ் டீமுக்கு டாக்டரா இருந்தானே லாரி நாசர், அவன் பார்க்கத் தங்கமானவன்தான். டெக்சாஸ்ல காட்டுக்கு நடுவுல நடந்த பயிற்சி முகாம்ல பெத்தவங்களுக்கு அனுமதி இருந்ததில்லை, சாப்பாட்டுக்கும் ஏகப்பட்ட கட்டுப்பாடு. பசியோட இருந்த பிள்ளைங்களுக்கு இவன் திருட்டுத்தனமாத் தின்பண்டம் கொடுப்பான். அந்த இடத்துல சிரிச்சுப் பேசின ஒரே பெரிய மனுஷன் அவன்தான்னு அந்தப் பொண்ணுங்களே பின்னால சொன்னாங்க. சிகிச்சைங்குற பேர்ல அவன் செஞ்ச கொடுமை, சில சமயம் அம்மா அதே ரூம்ல உட்கார்ந்திருக்கும்போதே நடந்திருக்கு. தன் உடம்பால மறைச்சுக்கிட்டு நிப்பானாம். 1990கள்லயே சொன்ன பொண்ணுங்க உண்டு. ‘உனக்குப் புரியலை, அது வைத்தியம்’னு பெரியவங்க அடக்கிட்டாங்க. 2016ல ரேச்சல் டென்ஹாலண்டர்ங்குற முன்னாள் வீராங்கனை பேர் போட்டு ஒரு பத்திரிகையில பேசின பிறகுதான் கதவு திறந்துச்சு. 2018 ஜனவரியில 150க்கும் மேல பெண்கள் கோர்ட்டுல நின்னு பேசினாங்க. அவனுக்கு 40லேருந்து 175 வருஷம் வரைக்கும் சிறைன்னு தீர்ப்பாச்சு.

பையன்களை வச்சிருக்குறவங்க இது நமக்கில்லைன்னு நினைச்சுக்க வேண்டாம். இங்கிலாந்துல பாரி பென்னல்னு ஒரு கால்பந்து கோச். திறமையான சிறுவர்களைக் கண்டுபிடிக்கிறதுல கெட்டிக்காரன்னு பேர் வாங்கினவன். அவன் வீட்ல விளையாட்டு மெஷின், செல்லப் பிராணின்னு பையன்களுக்கு ஒரு திருவிழாவே இருக்கும். பெரிய கிளப்ல ஆடணும்ங்குற ஆசை பிள்ளைக்கும் இருந்துச்சு, பெத்தவங்களுக்கும் இருந்துச்சு. ஆண்டி உட்வர்டுங்குற முன்னாள் வீரர் 2016ல, நாப்பது வயசுக்கு மேல, தனக்கு நடந்ததைச் சொன்னார். அதுக்கப்புறம் ஒருத்தர் பின்னால ஒருத்தரா எத்தனையோ ஆம்பளைங்க வாயைத் திறந்தாங்க. 2018ல பென்னலுக்கு 30 வருஷத்துக்கும் மேல தண்டனை.

இதைச் சொல்றது உன்னைப் பயமுறுத்த இல்லை. நல்லவனா கெட்டவனான்னு முகத்துல தேடுற வேலை வேண்டாம்னு சொல்றேன். ஏற்பாட்டைப் பாரு. பூட்டின அறையில ஒரு பெரிய ஆளும் ஒரு பிள்ளையும் தனியா இருக்குறதுக்கு அந்த இடத்துல வழி இருக்கா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி.

சேர்க்குற அன்னைக்கு

அட்மிஷன் ஃபாரத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால ஒரு சாயங்காலம் சும்மா போய் கேலரியில உட்காரு. பெத்தவங்க உட்கார்ந்து பார்க்கக் கூடாதுன்னு சட்டம் போடுற இடத்துல, நான் சொல்றேன், சேர்க்கவே வேணாம். “கவனம் சிதறும்”னு காரணம் சொல்லுவாங்க. தள்ளி உட்கார்றேன்னு சொல்லு. அதுக்கும் ஒத்துக்கலைன்னா எழுந்து வந்துடு.

உட்கார்ந்து என்ன பார்க்கணும்? சாமான் ரூம் சாவி யார்கிட்ட இருக்கு, பிள்ளைங்களை ஒத்தையா உள்ள அனுப்பி ஹர்டில் எடுத்துட்டு வரச் சொல்றாங்களா. கட்டுப் போடுற மேஜை எங்க கிடக்குது, நாலு பேர் பார்க்குற இடத்துலயா, கதவுக்குப் பின்னாலயா. பிராக்டிஸ் முடிஞ்சு கடைசியாப் போற பிள்ளை கூட யார் நிக்குறாங்க. இது எல்லாத்தையும் ஒரு மணி நேரத்துல பார்த்துடலாம், யாரையும் ஒரு வார்த்தை கேட்க வேணாம்.

அப்புறம் கேட்கவும் செய். பெண் கோச் இருக்காங்களா? கோச்சுக்கு என்ன படிப்பு? பாட்டியாலா என்.ஐ.எஸ். டிப்ளமோன்னு சொன்னா சர்டிபிகேட்டைக் காட்டச் சொல்லலாம், தப்பில்லை. முன்னால எந்தப் பள்ளிக்கூடத்துல இருந்தார், ஏன் விட்டார்னு அங்க ஒரு போன் போட்டுக் கேளு. உள்ளகப் புகார்க் குழு இருக்கான்னு கேளு. பணியிடத்துல பாலியல் தொல்லையைத் தடுக்க 2013ல வந்த சட்டத்துல, பணியிடம்னா என்னன்னு சொல்ற இடத்துலயே விளையாட்டுப் பயிற்சி நிலையம், ஸ்டேடியம், போட்டி நடக்குற இடம் எல்லாத்தையும் பேர் சொல்லிச் சேர்த்திருக்காங்க. பத்துப் பேர் வேலை செய்யுற இடம்னா குழு இருந்தே ஆகணும்.

கேட்டா கோச் கோவிச்சுக்குவாரோன்னு உனக்குக் கூச்சமா இருக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு நல்ல கோச் சொன்னது: “கேளுங்கம்மா, நாலு பேர் பார்க்குற இடத்துல நின்னாத்தான் எனக்கும் பாதுகாப்பு.” கேள்விக்கு முகம் சுளிக்கிறாரா, உட்கார வச்சுப் பதில் சொல்றாரா, அதுலயே பாதி தெரிஞ்சுடும்.

தொட்டுத்தான் சொல்லித்தரணும், ஆனா

நீளம் தாண்டுதல்ல இடுப்பு எங்க இருக்கணும், முழங்கால் எவ்வளவு தூக்கணும்னு கோச் கை வச்சுத்தான் சில சமயம் காட்டணும். ஆம்பளை கோச் தொட்டாலே தப்புன்னு பாப்பா மனசுல ஏத்தி விட்டா, அவ உடம்பை இறுக்கிக்கிட்டு ஓடுவா, காலைத்தான் முறிச்சுக்குவா. அவளுக்குத் தெரிய வேண்டியது வித்தியாசம். எல்லார் முன்னாலயும், “இடுப்பைப் பிடிச்சுக் காட்டுறேன், சரியா?”ன்னு சொல்லிட்டு, தொட்டு, உடனே கையை எடுக்குறது சொல்லித்தர்றது. சொல்லாமத் தொடுறது, யாரும் இல்லாதப்போ தொடுறது, வேண்டாம்னு சொன்ன பிறகும் தொடுறது வேற.

மசாஜ் விஷயத்துல மட்டும் நான் கண்டிப்பா இருப்பேன். சென்னையில 2021 மே மாசம் ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோவுல, அதாவது பிள்ளைங்களைப் பாலியல் குற்றத்துலேருந்து காக்குற சட்டத்துல, கைதானப்போ, ஃபிசியோதெரபின்னு சொல்லி நடந்துச்சுங்குறதுதான் புகார். தசை பிடிச்சா பனிக்கட்டி ஒத்தடம், கட்டு, எல்லாம் வெளியில பெஞ்ச்ல நடக்கட்டும், டிராக் பேண்ட் போட்டபடியே நடக்கட்டும், கூட ஒரு பெண் நிக்கட்டும். அதுக்கு மேல வைத்தியம் வேணும்னா நாம ஃபிசியோகிட்டக் கூட்டிட்டுப் போறோம்னு சொல்லிடு. பாப்பாகிட்டயும் சொல்லு: தொடைக்கு மேல யார் கட்டுப் போடுறதா இருந்தாலும், “எங்கம்மா வரட்டும்”னு ஒரு வார்த்தை போதும், அதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்லை.

போனும், இலவச ஷூவும்

பிராக்டிஸ் நேரம் மாறினா வாட்ஸ்அப் குரூப்ல வரட்டும், அதுல நீயும் இருக்கணும். பாப்பாவோட நம்பருக்குத் தனியா மெசேஜ் வேண்டாம்னு முதல் நாளே சிரிச்சுக்கிட்டே சொல்லிடு. பிள்ளையைத் தப்பான நோக்கத்தோட போன்லயோ நெட்லயோ திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்றதும் போக்சோ சட்டத்துல குற்றம்தான். “வீட்ல சொல்லாதே”ன்னு யார் எதைச் சொன்னாலும், அது சாக்லேட்டா இருந்தாலும், அன்னைக்கே வீட்ல வந்து சொல்லணும்னு அவளுக்குப் பழக்கு.

ஷூ விஷயம் கொஞ்சம் சங்கடமானது. நம்ம ஊர்ல நல்ல ஓட்டக்காரப் பிள்ளைங்க பாதிப் பேர் கையில காசில்லாத வீட்டுப் பிள்ளைங்க. கோச் தன் சம்பளத்துல ஸ்பைக்ஸ் வாங்கிக் கொடுத்து, முட்டை வாங்கிக் கொடுத்து, பஸ் காசு கொடுத்து ஆளாக்கினதுதான் பல பேரோட சரித்திரம். அந்தப் பெரிய மனசைச் சந்தேகப்படச் சொல்லலை. கொடுக்கட்டும், உன் கையில கொடுக்கட்டும், பத்துப் பேருக்குத் தெரியக் கொடுக்கட்டும். பிள்ளைக்கும் அவருக்கும் மட்டும் தெரிஞ்ச கடன் ஒண்ணு இருக்கக் கூடாது.

இதே காரணத்துக்காகத்தான் வயசுக் குறைப்புக்கும் ஒத்துக்காதே. “ஒரு வருஷம் குறைச்சுப் போட்டா மாநிலத்துல மெடல் நிச்சயம்”னு பிறப்புச் சான்றிதழோட யாராவது வருவாங்க. மாட்டினா தடை விதிப்பாங்கங்குறது ஒரு பக்கம். அன்னைலேருந்து அந்த ஆள் கையில உன் பிள்ளையோட ரகசியம் ஒண்ணு இருக்குமே, அதை யோசி. நாளைக்கு அவர் எது செஞ்சாலும் பாப்பா எப்படி வாயைத் திறப்பா?

வெளியூர் மீட்

2022ல சைக்கிள் வீராங்கனை ஒருத்தர் வெளிநாட்டுப் பயிற்சி முகாம்லேருந்து கோச் மேல புகார் கொடுத்த பிறகு, இந்திய விளையாட்டு ஆணையம் ஒரு விதி கொண்டு வந்துச்சு: வீராங்கனைகள் போற குழுவுல பெண் கோச் ஒருத்தர் கட்டாயம் இருக்கணும். தேசிய அளவுல ஆடுறவங்களுக்கே அது தேவைப்படுதுன்னா, பன்னெண்டு வயசுக்கு வேணாமா? பெண் துணை இல்லாத டூருக்கு அனுப்பாதே. வேற வழியே இல்லைன்னா அம்மாமார்ல ரெண்டு பேர் முறை வச்சுப் போங்க. பிள்ளைங்களோட ரூம்ல எந்தப் பெரியவங்களும் படுக்கக் கூடாது, கோச் ரூமுக்குப் பிள்ளை போகக் கூடாது, பேச வேண்டியது லாபியில. ஒரே பிள்ளையை பைக்ல பின்னால ஏத்திக்கிட்டுப் போறது, ‘அக்கா, நானே வீட்ல விட்டுடறேன்’னு சொல்றது, நம்ம ஊர்ல சகஜம். அதையும் வேணாம்னு சொல்லு. சீனியர் பிள்ளைங்க ஜூனியர்களை ராத்திரியில படுத்துற பாடும் உண்டு, முக்கியமா ஹாஸ்டல்ல. ஆபத்து பெரியவங்ககிட்டேயிருந்துதான் வரும்னு இல்லை.

கக்கூஸ். இதைப் பத்தி எவரும் பேசுறதில்லை, ஆனா எனக்கு இதுதான் முக்கியம். மீட் நடக்குற பாதி கிரவுண்டுல பொண்ணுங்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிவறை கிடையாது. அதனால காலையிலேருந்து தண்ணியே குடிக்க மாட்டாளுங்க. சித்திரை வெயில்ல ரெண்டு மணிக்கு ஃபைனல். மயக்கம் போட்டு விழுறது ஒண்ணு, நீர்க்கடுப்பு வந்து ஒரு வாரம் படுக்குறது இன்னொண்ணு. போன உடனே கழிவறை எங்கன்னு பார்த்து வை, ரெண்டு ரெண்டு பேராப் போகச் சொல்லு, டிரஸ் மாத்த ஒரு பழைய வேட்டியும் நாலு கிளிப்பும் பையில போடு. நாப்கின் ரெண்டு எப்பவும் இருக்கட்டும், இன்னும் வரலைன்னாலும் இருக்கட்டும்.

அடியும் எடையும்

“அடிச்சாத்தான் மெடல் வரும்”னு சொல்ற கோச்சுகள் இன்னும் இருக்காங்க. “நல்லா அடிங்க சார்”னு சொல்ற அப்பாக்களும் இருக்காங்க, அது இன்னும் மோசம். பள்ளிக்கூடத்துல பிள்ளையை அடிக்கிறதையும் மனசைப் புண்படுத்துறதையும் 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டமே தடை செஞ்சிருக்கு. அடிக்குப் பழகின பிள்ளை, ‘சார் என்ன செஞ்சாலும் என் நல்லதுக்குத்தான்’னு நினைக்கப் பழகிடும். அங்கேருந்து மத்ததுக்கு ரொம்ப தூரம் இல்லை.

எடையைக் குறைன்னு சொல்லி ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினா விடாதே. சீரா வந்துக்கிட்டிருந்த மாதவிடாய் மூணு மாசம் நின்னா, அது நல்ல பயிற்சிக்கு அடையாளம் இல்லை, டாக்டர்கிட்டப் போ. பேர் தெரியாத மாத்திரை, ஊசி, பவுடர் எதுவும் உனக்குத் தெரியாம உள்ள போகக் கூடாது. ஊக்கமருந்துச் சோதனையில மாட்டினா பேர் கெடுறது பிள்ளைக்குத்தான்.

ஒருவேளை அவ வந்து சொன்னா

கத்தாதே. அழறதா இருந்தா குளியலறையில போய் அழு. “நீ ஏன் போன, ஏன் அப்பவே சொல்லலை” இந்த ரெண்டு கேள்வியும் உன் வாயில வரவே கூடாது. அவ சொல்றதை அவ வார்த்தையிலயே எழுதி வை, துருவித் துருவிப் பத்துத் தடவை கேட்காதே. சமீபத்துல நடந்ததுன்னா அந்தத் துணியைத் துவைக்காதே. போன்ல இருக்குற மெசேஜை அழிக்காதே. உன் வீட்டுக்காரரை அரிவாளோட கிரவுண்டுக்குப் போக விடாதே.

குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் பண்ணு, எந்த நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது. போலீஸ்ல புகார் கொடு. போக்சோ 2012 நவம்பர்லேருந்து அமல்ல இருக்கு. பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள எல்லாப் பிள்ளைக்கும் அது பொருந்தும், ஆணும் பெண்ணும். பாப்பாவை ஸ்டேஷன் பெஞ்ச்ல உட்கார வைக்க வேண்டியதில்லை. வீட்லயோ அவளுக்குப் பிடிச்ச இடத்துலயோ, யூனிஃபார்ம் போடாம, கூடிய மட்டும் எஸ்.ஐ. அளவுக்குக் குறையாத பெண் அதிகாரி வந்துதான் வாக்குமூலம் எடுக்கணும். எந்தக் காரணத்துக்காகவும் ராத்திரியில பிள்ளையை ஸ்டேஷன்ல வைக்கக் கூடாது. மருத்துவப் பரிசோதனை பெண் டாக்டர்தான் செய்யணும், நீ கூட இருக்கலாம். பேரோ போட்டோவோ பள்ளிக்கூடத்தோட பேரோ செய்தியில வரக் கூடாது.

“நாங்களே விசாரிச்சுக்குறோம், அகாடமி பேர் கெட்டுடும்”னு நிர்வாகம் வரும். தெரிஞ்சும் புகார் கொடுக்காம இருக்குறதே குற்றம்னு அவங்களுக்கு எடுத்துச் சொல்லு. யாரா இருந்தாலும் ஆறு மாசம் வரை சிறை உண்டு, நிறுவனத்தை நடத்துறவங்கன்னா ஒரு வருஷம் வரை. நல்லெண்ணத்தோட தகவல் சொன்னதுக்காக உன் மேல வழக்குப் போட முடியாது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நடந்தது உனக்குத் தெரிஞ்சாலும் இதே சட்டம்தான்.

புகார் கொடுத்த மறுநாளே வேற கிரவுண்டைத் தேடு. வாக்கு கொடுத்திருக்கியே.

கடைசியா ஒண்ணு, எங்க வீட்டு ரகசிய வார்த்தை. என் மக ஸ்டேட் கேம்புக்குப் போனப்போ, “பாட்டிக்குக் காது வலி சரியாயிடுச்சா?”ன்னு போன்ல கேட்டா நான் கிளம்பி வரணும், காரணம் கேட்கக் கூடாதுன்னு பேசி வச்சிருந்தோம். பக்கத்துல யார் இருந்தாலும் சொல்லலாம்ல. நாலாவது நாள் ராத்திரி ஒன்பதரைக்குப் போன். பாட்டிக்குக் காது வலி சரியாயிடுச்சாம்மா? மாமியார் பக்கத்துல உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. “இன்னும் இல்லைடா”ன்னு சொல்லிட்டு, மூணாவது நிமிஷம் பையைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ராத்திரி பூரா ஜன்னல் சீட்டுல என்னென்ன நினைச்சேன்னு உனக்கே தெரியும். காலையில அஞ்சு மணிக்கு கேம்ப் கேட்டுல நிக்குறேன், வார்டன் கூட வர்றா. முகம் வீங்கியிருக்கு. என்னடான்னு கூடக் கேட்கலை, டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு இட்லி உள்ள போன பிறகு சொன்னா: தேதிக்கு முன்னாலயே வந்துடுச்சாம், டிராக் பேண்ட்ல கறையாம், சீனியர் அக்காங்க சிரிச்சாங்களாம். அவ்வளவுதான்.

“இதுக்கா வரச் சொன்னேன்னு திட்ட மாட்டியா?”

“எதுக்குத் திட்டணும்?”

இன்னும் ரெண்டு இட்லி சொன்னா. பக்கத்து மெடிக்கல்ல ரெண்டு பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். ஆறு மணிக்கு வார்ம் அப்னு கடிகாரத்தைப் பார்த்தவ, என்னைக் கேட்டுலயே விட்டுட்டு உள்ள ஓடிட்டா.